எஃப்டியை உடைக்கச் சொல்லும் குரல்

வயதானவர்களின் பணம் பறிபோவதைப் பற்றிப் பேச்சு வந்தாலே "ஓடிபியை யாருக்கும் சொல்லாதீங்க" என்று ஆரம்பித்து, அதோடு முடித்துவிடுகிறோம். அறிவுரையில் தப்பில்லை. ஆனால் லட்சங்களிலும் கோடிகளிலும் போன வழக்குகளை எடுத்துப் பார்த்தால், பலவற்றில் ஓடிபிக்கு வேலையே இருந்திருக்காது. காலை பத்தரை மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு ஒரு பெரியவர் தன் வங்கிக் கிளைக்கே வருகிறார். பென்ஷன் வரும் கிளை, எல்லோருக்கும் அவரைத் தெரியும். முதிர்வுக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிற எஃப்டியை உடைக்கச் சொல்கிறார். ஆர்டிஜிஎஸ் ஃபாரத்தைத் தன் கையாலேயே நிரப்புகிறார். "என்ன சார் அவசரம், வட்டி குறையுமே" என்று கவுண்டரில் கேட்டால், "பையன் ஃப்ளாட் வாங்குறான்மா" என்கிறார். பதில் தடுமாறாமல் வருகிறது. சொல்லிக்கொடுத்தவன் அவருடைய சட்டைப் பையிலிருக்கும் போனில், லைனிலேயே இருக்கிறான்.

'டிஜிட்டல் கைது' என்று செய்திகளில் அடிபடுவது இதுதான். மத்திய உள்துறை நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்குப்படி, 2024-இல் மட்டும் இதுவும் இதையொட்டியதுமான மோசடிகளில் சுமார் 1.23 லட்சம் புகார்கள் பதிவாகின. போன தொகை 1,935 கோடி ரூபாய். வெட்கப்பட்டுப் புகார் கொடுக்காமல் விட்டவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

இது எப்படி நடக்கிறது என்று ஒருமுறை முழுசாகத் தெரிந்துவைத்துக்கொண்டால், நம் வீட்டுப் போனில் வரும்போது பாதியிலேயே பிடிபட்டுவிடும். முதலில் வருவது பெரும்பாலும் ஒரு பதிவுக்குரல். இரண்டு மணி நேரத்தில் உங்கள் மொபைல் இணைப்பு துண்டிக்கப்படும், விவரத்துக்கு 9-ஐ அழுத்துங்கள். இல்லாவிட்டால் கூரியர் கம்பெனியிலிருந்து பேசுவதாக ஒரு பெண். உங்கள் பெயரில் மும்பையிலிருந்து தைவானுக்கு அனுப்பிய பார்சலில் போதை மாத்திரையும் பாஸ்போர்ட்டுகளும் பிடிபட்டிருக்கின்றன. நான் அப்படி எதுவும் அனுப்பவில்லையே என்றால் அந்தப் பெண் உடனே நம் பக்கம் வந்துவிடுவார். "அப்போ உங்க ஆதாரை யாரோ தப்பா யூஸ் பண்ணியிருக்காங்க சார். நீங்க மும்பை போலீஸ்ல ஆன்லைன்லயே ஒரு கம்ப்ளெய்ன்ட் கொடுத்துடுங்க. நானே கனெக்ட் பண்றேன்." மிரட்டல் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. இதுவரை நடந்தது உதவி.

அடுத்தது வாட்ஸ்அப்பில் வீடியோ கால். காக்கிச் சட்டை, மேஜையில் கொடி, பின்சுவரில் போலீஸ் சின்னம். நம் ஆதார் எண்ணையும் முகவரியையும் அவரே படித்துக் காட்டுகிறார். இந்த விவரங்கள் எத்தனையோ ஜெராக்ஸ் கடைகளிலும் சிம் விற்ற கடைகளிலும் கடன் செயலிகளிலும் சிதறிக் கிடப்பவை. காசு கொடுத்தால் மொத்தமாகக் கிடைக்கும். ஆனால் எழுபது வயதில் ஒருவர், ஆதார் எண் சரியாக இருக்கிறதென்றால் பேசுவது சர்க்கார்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார். உடனே ஒரு பிடிஎஃப் வருகிறது. மேலே நான்கு சிங்கம், கீழே வட்ட முத்திரை, நடுவில் கொட்டை எழுத்தில் அவருடைய பெயர். வாசகத்தில் எழுத்துப் பிழை மலிந்து கிடக்கும். கை நடுங்கும்போது யார் பிழை திருத்துவது?

கேமராவை அணைக்கக் கூடாது, கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும், வீட்டில் யாரிடமும் மூச்சு விடக் கூடாது. மகனிடம் சொன்னால் மகனும் வழக்கில் சேர்க்கப்படுவான். மணிக்கணக்கில், சில வழக்குகளில் நாள்கணக்கில், இது நீள்கிறது. தூங்கும்போதும் போனைத் தலைமாட்டில் கேமராவோடு வைத்திருக்கச் சொல்வார்கள். ஆள் சோர்ந்த பிறகு இரக்கமுள்ள ஒரு மேலதிகாரி வருகிறார். "உங்களைப் பார்த்தா எங்கப்பா மாதிரி இருக்கீங்க. உள்ள போடணும்னு எனக்கென்ன ஆசையா? உங்க பணம் நியாயமான பணம்னு நிரூபிச்சிட்டா முடிஞ்சுது. ரிசர்வ் பேங்க் செக் பண்ணிட்டு திருப்பி அனுப்பிடும்." சரிபார்ப்புக்கு என்று தரப்படும் கணக்கு, கேள்விப்படாத ஊரில் ஏதோ ஒரு டிரேடர்ஸ் பெயரில் இருக்கும் நடப்புக் கணக்கு.

தமிழில் இவ்வளவு சரளமாகப் பேச ஆள் எங்கிருந்து கிடைக்கிறது என்று ஒரு கேள்வி வரும். கம்போடியா, மியான்மர், லாவோஸ் நாடுகளில் வேலி போட்ட வளாகங்களுக்குள் இந்தத் தொழில் பெரிய அளவில் நடக்கிறது. டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போன நம் ஊர்ப் பையன்களும் அங்கே மாட்டியிருக்கிறார்கள். மியான்மரின் மியாவாடியில் சிக்கியிருந்த தமிழ்நாட்டு இளைஞர்கள் 2022-இல் மீட்டுக்கொண்டுவரப்பட்டார்கள். மறுமுனையில் பேசுகிறவனே ஒருவேளை பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்தவனாக இருக்கலாம். அதனால் நம் பணம் திரும்பிவிடாது. ஆனால் எதிரே இருப்பது தனி ஒரு போக்கிரி அல்ல, ஷிஃப்ட் போட்டு நடக்கும் ஒரு தொழில் என்பது புரியும்.

விவரம் தெரியாதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று நினைக்கிறவர்களுக்கு லூதியானாவின் வர்த்மான் ஜவுளிக் குழுமத் தலைவர் எஸ். பி. ஓஸ்வாலின் வழக்கைச் சொல்ல வேண்டும். பத்மபூஷண் பெற்றவர், அப்போது வயது 82. 2024 ஆகஸ்டில் அவரை ஸ்கைப் கேமரா முன்னால் உட்காரவைத்து, உச்ச நீதிமன்ற விசாரணை என்று ஒரு நாடகமே நடத்தினார்கள். அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட் பெயரில் ஒருவன் 'விசாரித்தான்'. 7 கோடி ரூபாய் போயிற்று. அவர் புகார் கொடுக்கத் தாமதிக்கவில்லை. அதனால் போலீஸ் 5 கோடிக்கு மேல் மீட்க முடிந்தது. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்தவரையே உட்காரவைக்க முடிந்தது என்றால், இதில் படிப்பின் பங்கு குறைவுதான். என் கணிப்பில் பெரிய பங்கு ஒழுங்குக்கு உரியது. வாழ்நாள் முழுக்க வரி ஒழுங்காகக் கட்டி, நோட்டீஸ் வந்தால் மறுநாளே பதில் எழுதி, போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிக்காமல் இருந்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் தலைமுறை அது. அந்த நற்பெயரைத்தான் பிணையாகப் பிடிக்கிறார்கள். திருடனுக்குத் தேவையான இன்னொன்று தனிமை. பக்கத்தில் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்து "யாருப்பா போன்ல?" என்று கேட்டுவிட்டால் கதை கந்தலாகிவிடும். அதனால்தான் எல்லா வழக்கிலும் "யாரிடமும் சொல்லாதே" என்ற கட்டளை தவறாமல் இருக்கிறது.

இப்போது சட்டம். கைது என்றால் ஆள் நேரில் வந்து பிடிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வீடியோவில் கைது செய்யும் அதிகாரம் சிபிஐக்கோ அமலாக்கத் துறைக்கோ எந்த மாநிலப் போலீசுக்கோ கிடையாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35-வது பிரிவின்படி விசாரணைக்கு ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தரலாம். அதையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. முதியவர்களுக்கென்றே அந்தச் சட்டத்தில் இரண்டு பாதுகாப்புகள் உண்டு. மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றம் என்றால், 60 வயது தாண்டியவரை டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் கைது செய்ய முடியாது. சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால், 60 வயது கடந்தவரை ஸ்டேஷனுக்கு வா என்று கட்டாயப்படுத்த முடியாது. போலீஸ்தான் அவர் வீட்டுக்கு வர வேண்டும். "உங்க வயசை உத்தேசிச்சுதான் வீடியோலயே முடிக்கிறோம்" என்று அந்த மேலதிகாரி காட்டும் பெருந்தன்மை பொய் என்பது இதிலிருந்து தெரியும். பணத்தை வேறு கணக்குக்கு மாற்றவைத்துச் சரிபார்க்கும் நடைமுறை எந்த அரசு அலுவலகத்திலும் இல்லை. கணக்கை ஆராய வேண்டுமானால் வங்கிக்கு எழுதிக் கேட்பார்கள். முடக்க வேண்டுமானால் வங்கியிலேயே முடக்குவார்கள்.

அம்பாலாவைச் சேர்ந்த முதிய தம்பதி, உச்ச நீதிமன்ற உத்தரவு என்று காட்டப்பட்ட போலிக் காகிதத்தை நம்பி ஒரு கோடிக்கு மேல் இழந்து, நீதிமன்றத்துக்கே கடிதம் எழுதினார்கள். 2025 அக்டோபரில் நீதிமன்றம் அதைத் தானாக வழக்காக எடுத்துக்கொண்டது. டிசம்பரில் நாடு முழுதும் இத்தகைய வழக்குகளை சிபிஐ விசாரிக்க உத்தரவிட்டது. தன் பெயரிலேயே போலி உத்தரவு அச்சாகிறது என்றால் எந்த நீதிமன்றத்துக்கும் கோபம் வரத்தானே செய்யும்.

சின்னத் திருட்டுகள் பல உண்டு; சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மத்திய அரசு ஓய்வூதியர்கள் வாழ்வுச் சான்றிதழ் தர வேண்டிய நவம்பரை ஒட்டி, "ஜீவன் பிரமாண் அப்டேட் பண்ணலைன்னா பென்ஷன் நின்னுடும்" என்று போன் வரும். ஓய்வூதிய ஆணையின் எண்ணான பிபிஓ எண்ணைக்கூடச் சரியாகச் சொல்வார்கள். ஓய்வூதிய அலுவலகம் போனில் சான்றிதழைப் புதுப்பிப்பதில்லை. கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் சலான் என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பைத் தொட்டால், நம் குறுஞ்செய்திகளையெல்லாம் படிக்கும் செயலி போனில் ஏறிவிடும். பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும், ஏபிகே ஆக வராது. யுபிஐயில் பணம் 'வாங்க' பின் நம்பர் போடவே வேண்டியதில்லை. திரையைப் பகிரும் செயலியை ஏற்றச் சொன்னால் அப்போதே போனை வைத்துவிடலாம். பங்குச்சந்தைக் குழு என்று யாரோ நம்மைச் சேர்த்துவிட்டால் வெளியேறிவிடலாம்.

போனே இல்லாமல் நடப்பதும் உண்டு. மாதம் 25, 30 சதவிகிதம் வட்டி என்று சொல்லி ஆருத்ரா கோல்டு என்ற நிறுவனம் வாங்கிக் குவித்தது 2,400 கோடிக்கு மேல். ரிட்டயர்மென்ட் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டியவர்கள் அதில் கணிசம். வங்கியில் எஃப்டி போடப் போன பாட்டியிடம் பத்து வருடப் பாலிசியைத் தலையில் கட்டி அனுப்புவது மோசடி என்ற கணக்கில் வராது. எனக்கு அதிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பாலிசி கையில் கிடைத்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்பதாவது தெரிந்திருக்கட்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்? முதல் வேலை, பணம் வேகமாக வெளியேற முடியாதபடி செய்வது. பென்ஷன் வரும் கணக்கில் மாதச் செலவுக்கு மட்டும் வைத்து, யுபிஐயையும் டெபிட் கார்டையும் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். மீதி சேமிப்பு வேறொரு கணக்கில், கார்டும் யுபிஐயும் இல்லாமல் இருக்கட்டும். தினசரி அனுப்பும் வரம்பை வங்கிச் செயலியிலோ கிளையிலோ சொல்லிக் குறைக்கலாம். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்துவைக்கும் வசதியை எல்லா வங்கிகளும் தந்தாக வேண்டும். எஃப்டியை இருவர் பெயரில் போட்டால் இருவரில் ஒருவரே இயக்கக்கூடிய 'ஐதர் ஆர் சர்வைவர்' முறையிலும்கூட, முதிர்வுக்கு முன் உடைப்பதற்கு இருவர் கையெழுத்தையும் வங்கி கேட்கலாம். கணவன் கதவைச் சாத்திக்கொண்டு பயந்துகொண்டிருக்கும்போது, மனைவியின் கையெழுத்து தேவைப்பட்டால் கதவைத் திறந்துதானே ஆக வேண்டும்! ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆன்லைனில் போட்ட எஃப்டியை ஆன்லைனிலேயே ஒரு தட்டில் உடைத்துவிட முடியும். பெரிய தொகையைக் கிளையில் போட்டு ரசீது வாங்குவது பழைய பழக்கம்தான். முதியவர்களுக்கு அதுதான் நல்லது.

ஆதாரை வைத்துக் கைரேகையால் பணம் எடுக்கும் வசதியை முறைகேடாகப் பயன்படுத்துகிறார்கள். எம்ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டிவைக்கலாம். பூட்டியிருந்தால் ரேஷன் கடையிலும் விரல் வைக்க முடியாது. போகும் நாளில் தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும். இதைச் சொல்லாமல் மகன் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டால், அம்மா அரிசி வாங்காமல் திரும்பி வருவார். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், பிரைவசி, கால்ஸ் என்று போனால் தெரியாத எண்களின் அழைப்பு மணியடிக்காமல் செய்யலாம். டிஜிட்டல் கைதின் வாசலே வாட்ஸ்அப் கால் என்பதால் இந்த ஒரு மாற்றம் நிறையத் தடுக்கும். சேவை தொடர்பாக வங்கிகள் அழைக்க 1600 என்று தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து "பேங்க்லருந்து பேசறேன்" என்றால், பாஸ்புக்கில் இருக்கும் கிளையின் எண்ணுக்கு நாமே திருப்பி அழைத்துக் கேட்டுக்கொள்ளலாம்.

இதைவிடக் கடினமானது வீட்டுப் பேச்சு. பெரும்பாலான வீடுகளில் அது இப்படித்தான் இருக்கிறது: "ஏம்ப்பா, எத்தனை தடவை சொல்றது, தெரியாத நம்பரை எடுக்காதீங்கன்னு?" அப்பா அதற்கப்புறம் போன் வந்ததையே சொல்ல மாட்டார். திருடன் கேட்கும் ரகசியத்தை நாமே தயார் செய்து கொடுத்தாயிற்று. சந்தேகமான அழைப்பை அவர் வந்து சொல்லும்போது, அது வெறும் விளம்பர அழைப்பாகவே இருந்தாலும், "நல்ல வேளை சொன்னீங்க" என்று உட்கார்ந்து கேட்பது பெரிய பாதுகாப்பு. தனியாக இருப்பவர்களுக்கு ஒரு பெயர் முடிவு செய்து கொடுக்க வேண்டும்: ஐந்தாயிரத்துக்கு மேல் எங்கே அனுப்புவதானாலும் முதலில் மகளுக்கோ, எதிர்வீட்டு ரிட்டயர்டு மாஸ்டருக்கோ ஒரு போன். பேரன் குரலிலேயே "தாத்தா, ஆக்ஸிடென்ட்" என்று அழ முடிகிற காலம் இது. வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கேட்டுப் பார்க்கலாம். குலதெய்வத்தின் பெயர் வேண்டாம், அது ஃபேஸ்புக்கிலேயே இருக்கும்.

அப்படியும் பணம் போய்விட்டால் நேரம்தான் எல்லாம். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே போன் செய்ய வேண்டும். போன பணம் சில நிமிடங்களில் நாலைந்து வாடகைக் கணக்குகளுக்குப் பிரிந்து ஓடும். 1930-இல் பதிவானதும் அந்தந்த வங்கிகளுக்குத் தகவல் போய், எங்கே எவ்வளவு மிச்சமிருக்கிறதோ அதை அங்கேயே நிறுத்திவைப்பார்கள். பணம் அனுப்பிய நேரம், தொகை, யுடிஆர் எனப்படும் பரிவர்த்தனை எண் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு அழைப்பது நல்லது. கிடைக்கும் ஒப்புகை எண்ணை வைத்து, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் விவரமாகப் பதிய வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலைக் கோபத்தில் அழித்துவிடக் கூடாது, சாட்சியம் அதுதான்.

வங்கிக்கும் உடனே எழுத்தில் சொல்லி, தேதியும் நேரமும் போட்ட ஒப்புகை வாங்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வேறெங்கோ நடந்த ஓட்டையால் பணம் போயிருந்தால், மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நமக்கு நஷ்டமில்லை. நாமே கையெழுத்துப் போட்டு அனுப்பியதற்கும், ஓடிபி கொடுத்ததற்கும் இது பொருந்தாது. வங்கி கையை விரித்துவிடும். ஆனால் நாம் தகவல் சொன்ன நிமிடத்துக்குப் பிறகு கணக்கிலிருந்து போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. ஒப்புகையில் நேரம் இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். முப்பது நாளில் வங்கி பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். விவரம் கேட்க 14448. நிறுத்திவைக்கப்பட்ட பணத்தை நீதிமன்ற உத்தரவு மூலமோ லோக் அதாலத் மூலமோ திரும்பப் பெறலாம், மாதங்கள் ஆகும்.

அந்த மாதங்களில் இன்னொரு போன் வரும். இழந்த தொகையும் தேதியும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். சைபர் செல் வக்கீல் என்பார்கள், உங்கள் பணம் கிடைத்துவிட்டது, விடுவிக்க ஜிஎஸ்டியாக எட்டாயிரம் மட்டும் கட்டினால் போதும் என்பார்கள். ஏமாந்தவர்களின் பட்டியலும் விலைக்குப் போகிற சரக்குதான். புகாரைப் பதியவோ, பிடித்த பணத்தைத் திருப்பித் தரவோ போலீஸ் கட்டணம் வாங்குவதில்லை. வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்க வேண்டுமானால், ஒப்புகை எண்ணை எடுத்துக்கொண்டு மாவட்ட சைபர் கிரைம் ஸ்டேஷனுக்கு வீட்டில் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நேரில் போய்க் கேட்கலாம்.